மெர்க்குரி ஏன் சிரித்தார்?

பழைய ரோமாபுரியில் மே மாதம் 15-ம் தேதி வியாபாரிகளுக்கு விசேஷ நாள். மெர்க்குரி சாமியின் திருநாள். கி.மு. 495-ல் இதே தேதியில்தான் அவருக்கு ரோமில் கோயில் கட்டித் திறந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் லிவி என்ற வரலாற்று ஆசிரியர்.

நகரத்தின் கபேனா வாசலுக்குப் பக்கத்தில் மெர்க்குரியின் பெயரால் ஓர் ஊற்று இருந்தது. வியாபாரி சுத்தபத்தமாக அங்கே போய் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வருவார். லாரல் இலைக் கொத்தை அதில் நனைத்து, விலைபோக வேண்டிய சரக்கின் மேல் எல்லாம் தெளிப்பார். பிறகு தன் தலையிலும் தெளித்துக்கொண்டு வேண்டுதலை ஆரம்பிப்பார்.

என்ன வேண்டுதல்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இதுவரை சொன்ன பொய்களையெல்லாம் கழுவிவிடச் சொல்கிறார். பொய்ச் சத்தியத்துக்கு மெர்க்குரியையே சாட்சிக்கு இழுத்திருந்தாலும் சரி, ஜூபிடர் காதில் விழாது என்ற தைரியத்தில் அவர் பெயரைச் சொல்லியிருந்தாலும் சரி, அத்தனையும் காற்றோடு போகட்டும் என்கிறார். அதோடு விட்டாரா? நாளைக்குச் சொல்லப்போகும் பொய்க்கும் இன்றைக்கே அனுமதி கேட்கிறார். கடைசியாக லாபம் வேண்டும் என்கிறார். வாங்க வந்த ஆளை ஏமாற்றிய சந்தோஷமும் கூடவே வேண்டும் என்கிறார்!

மேலேயிருந்து இதைக் கேட்ட மெர்க்குரிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். சின்ன வயசில் அப்போலோவின் மாடுகளைத் தான் திருடியது ஞாபகத்துக்கு வந்ததாம்.

இதைச் சொல்பவர் கவிஞர் ஓவிட். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால், ரோமானியர்களின் பண்டிகைகளை மாதம் மாதமாக வரிசைப்படுத்தி 'ஃபாஸ்தி' என்று ஒரு காலண்டர் காவியம் எழுதினார். ஜனவரியில் ஆரம்பித்து ஜூனோடு நின்றுபோன அரைக் காலண்டர். கி.பி. 8-ல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துக்கு நாடு கடத்திவிட்டார். ஓவிட் கிண்டல்காரர். வியாபாரியின் வேண்டுதலில் அவர் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம். ஆனாலும் படிக்கிற யாருக்கும் அந்த வியாபாரி அந்நியனாகத் தெரிவதில்லை. அதுதான் சங்கடம்.

முதலில் இந்த மெர்க்குரி யார் என்று பார்த்துவிடலாம். கிரேக்கர்களின் ஹெர்மிஸ்தான் ரோமானியர்களிடம் வந்து மெர்க்குரி ஆனார். தேவர்களின் தூதுவர், வழிப்போக்கர்களுக்குக் காவல். வியாபாரிகளுக்கும் திருடர்களுக்கும் ஒரே குலதெய்வம் என்பதுதான் இதில் வேடிக்கை. அவர் பெயரே சரக்கு என்று பொருள்படும் 'மெர்க்ஸ்' என்ற லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததாகப் பலர் சொல்வார்கள். 'மார்க்கெட்', 'மெர்ச்சன்ட்', 'காமர்ஸ்' எல்லாம் அந்த வார்த்தையின் வாரிசுகள். வானத்தில் அவர் பெயர் வைத்த கிரகத்தைத்தான் நாம் புதன் என்கிறோம். பி.காம். படித்த என்னைப் போன்றவர்களுக்கு, பட்டத்தின் பெயரிலேயே ரோமாபுரிச் சந்தையின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரோமானியர்கள் சாமியையும் கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டவர்கள் இல்லை. அரசாங்கக் கஜானா இருந்தது சனி பகவானுக்குச் சமமான சாட்டர்ன் கோயிலில். நாணயம் அடித்த இடம் ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டி. அந்த 'மொனேட்டா'தான் ஆங்கிலத்தில் 'மணி' ஆயிற்று. பணத்துக்கே ஒரு பெண் தெய்வத்தின் பெயர்!

கும்பிடுவதிலும் அப்படியே. 'நீ எனக்கு இதைச் செய், நான் உனக்கு இதைச் செய்கிறேன்' என்பது அவர்கள் ஊரில் முறையான ஒப்பந்தம். வேண்டிக்கொண்ட காரியம் நடந்துவிட்டால் கல்லில் பொறித்துக் கோயிலில் வைப்பார்கள். கல்லின் அடியில் நான்கே எழுத்துகள்: வி.எஸ்.எல்.எம். வேண்டுதலை மனமுவந்து, உரிய முறையில் செலுத்திவிட்டேன் என்று அர்த்தம். பிரிட்டனிலிருந்து டான்யூப் நதிக்கரை வரை, ரோமானியர்கள் போன இடமெல்லாம் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. சாமிக்குக் கொடுத்த ரசீது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒப்பந்த புத்தி எதுவரை போகும் என்பதற்கு ஓர் உதாரணம். கி.மு. 217-ல் டிராசிமீன் ஏரிக்கரையில் ஹானிபலிடம் ரோமானியப் படை சின்னாபின்னமானது. செத்தவர்கள் மட்டும் 15,000 பேர் என்கிறார் லிவி. நகரமே கதிகலங்கியது. உடனே ஜூபிடருக்கு ஒரு பெரிய வேண்டுதல். இன்னும் ஐந்து வருடம் நாடு தப்பிப் பிழைத்தால், ஒரு வசந்த காலத்தில் பிறக்கும் பன்றி, ஆடு, மாடு எல்லாவற்றையும் பலி கொடுக்கிறோம் என்று.

அந்த உயிர் போகிற நேரத்திலும் நிபந்தனைகளை எழுதாமல் விடவில்லை. பலிக்கு முன்னாலேயே மிருகம் செத்துப்போனால் அது கணக்கில் சேராது. தெரியாமல் யாராவது அதைக் கொன்றுவிட்டால் குற்றமில்லை. திருட்டுப் போய்விட்டால் ஜனங்கள் மேலும் பழியில்லை, பறிகொடுத்தவன் மேலும் பழியில்லை. மக்களின் சம்மதம் இல்லாமல் இப்படி ஒரு வேண்டுதல் வைக்கக் கூடாது என்று தலைமைப் பூசாரி சொல்ல, அதையும் சபையில் வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து, கி.மு. 195-ல், கடனைத் தீர்த்தார்கள். முறைப்படி நடக்கவில்லை என்று பூசாரிகள் ஆட்சேபம் சொல்ல, அடுத்த வருடம் மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள்.

'சாமியிடம் இப்படியா பேரம் பேசுவது?' என்று நமக்குச் சுருக்கென்று இருக்கிறது. பக்தி என்றால் எதையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும் என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம்? எனக்கு என்னவோ அந்த ரோமானியர்கள் மேல் ஒரு மரியாதைதான் வருகிறது. சொன்னதைச் செய்தார்கள். தாமதமானாலும் செய்தார்கள். தப்பாகச் செய்ததைத் திரும்பச் செய்தார்கள். கொடுத்த வாக்கு ஒரு கடன் என்று நினைக்கிறவன், கோயிலுக்கு வெளியிலும் கொஞ்சம் யோக்கியனாக இருக்க வாய்ப்பு உண்டு.

அப்படியானால் அந்த ஊற்றங்கரை வியாபாரியிடம் மட்டும் ஏன் நமக்கு உறுத்துகிறது? அவரும் சாமியிடம் பேரம்தானே பேசினார்?

இந்த இடத்தில் சாக்ரடீஸைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கி.மு. 399. ஏதென்ஸ் நகரத்தின் சாமிகளை ஏற்காமல் புது சாமிகளைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று சாக்ரடீஸ் மேல் வழக்கு. அந்த விஷயமாக அதிகாரியின் மண்டபத்துக்கு வந்த இடத்தில் யூதிஃப்ரோ என்பவரைச் சந்திக்கிறார். யூதிஃப்ரோ வந்திருப்பது சொந்த அப்பா மேலேயே கொலை வழக்குப் போட! அவர்களுடைய பண்ணையில் வேலை செய்த கூலியாள் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். அப்பா அந்தக் கூலியாளின் கையையும் காலையும் கட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, 'இவனை என்ன செய்யலாம்?' என்று கேட்டுவர ஏதென்ஸில் இருந்த சாஸ்திரம் தெரிந்தவரிடம் ஆள் அனுப்பினார். போனவன் பதிலோடு திரும்புவதற்குள், பசியிலும் குளிரிலும் கட்டுண்ட நிலையிலேயே கூலியாள் செத்துப்போனான்.

அப்பா மேல் பிள்ளை வழக்குப் போடுவது பாவம் இல்லையா என்று கேட்டால், யூதிஃப்ரோவிடம் பதில் தயார். தேவர்களின் தலைவர் சீயஸே தன் அப்பா குரோனஸைக் கட்டிப்போட்டவர்தானே என்கிறார். சாமியே செய்திருக்கிறார், நான் செய்தால் என்ன என்கிற வாதம்.

சாக்ரடீஸ் விடுவாரா? சாமிக்குப் பிடித்ததால் ஒரு காரியம் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் சாமிக்குப் பிடிக்கிறதா என்று கேட்டார். இரண்டாயிரத்து நானூறு வருடங்களாகத் தத்துவப் பேராசிரியர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி. அது எல்லாருக்கும் தெரியும். பேச்சின் கடைசியில் அவர் சொன்ன இன்னொன்று அவ்வளவாகப் பிரபலமாகவில்லை. பக்தி என்பது சாமிக்குக் கொடுப்பதும் சாமியிடம் கேட்பதும் என்றால், அது சாமிக்கும் மனிதனுக்கும் நடுவில் நடக்கிற ஒருவகை வியாபாரம் ஆகிவிடுகிறதே என்கிறார். சரி, வியாபாரம் என்றால் இரண்டு பக்கமும் லாபம் வேண்டும். நமக்குக் கிடைப்பது தெரிகிறது. நாம் கொடுப்பதால் சாமிக்கு என்ன கிடைக்கிறது?

மரியாதை, நன்றி என்று எதையோ சொல்லிப் பார்க்கிறார் யூதிஃப்ரோ. பேச்சு வட்டமடித்து ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது. எனக்கு அவசர வேலை இருக்கிறது என்று கழன்றுகொள்கிறார். பிளேட்டோ எழுதிய அந்த உரையாடல் அப்படித்தான் முடிகிறது.

அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் நெருடும். இரண்டு புத்திசாலிகள் சாமிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். பள்ளத்தில் கட்டிப்போட்டுச் செத்தவன் நடுநடுவே ஓர் உதாரணமாக வந்துபோகிறான், அவ்வளவுதான். அவன் சாகும்போதும் இதுவேதான் நடந்தது. சாமி குத்தமா இல்லையா என்று கேட்டுவர ஆள் போயிருந்தான். பள்ளத்தில் எட்டிப் பார்க்க யாரும் இல்லை.

வியாபாரியின் வேண்டுதலில் உறுத்துவதும் இதுதான்.

ஜூபிடருக்கு ஆட்டையும் மாட்டையும் வேண்டிக்கொண்ட ரோமானியர்களின் ஒப்பந்தத்தில் இரண்டே தரப்பு: வேண்டியவர்களும் ஜூபிடரும். கொடுக்க வேண்டியது இவர்கள், வாங்க வேண்டியது அவர். (ஆடு மாடுகளின் தரப்பை யாரும் கேட்கவில்லை என்பது வேறு வழக்கு!) ஊற்றங்கரையிலும் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள், வியாபாரியும் மெர்க்குரியும். ஆனால் பேசப்படுகிற கடன் மூன்றாவது ஆளுடையது. போலித் துணியை நல்ல துணி என்று நம்பி வாங்கிப்போனவன். எடை குறைந்த தானியத்தை முழு விலை கொடுத்து வாங்கிப்போன அம்மா. அவர்கள் ஊற்றங்கரைக்கு வரவில்லை. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை.

கணக்குப் பாடத்தில் இது முதல் வருடத்திலேயே வந்துவிடும். ஒரு கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை யாருக்கு? கடன் கொடுத்தவருக்கு மட்டும்தான். நான் உங்களுக்கு ஆயிரம் ரூபாய் தர வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ரொம்ப நல்ல மனுஷர், ஊரே கும்பிடும். அவர் என்னிடம், 'பரவாயில்லப்பா, அந்த ஆயிரத்தை விட்டுடு' என்று சொன்னால் என் கடன் தீர்ந்துவிடுமா? பெரியவரின் பெருந்தன்மை பெரிதுதான். ஆனால் பணம் உங்களுடையது.

பொய்ச் சத்தியத்தில் மெர்க்குரிக்கும் ஒரு பங்கு உண்டுதான். அவர் பெயரைத்தானே தப்பாகப் பயன்படுத்தினார்கள்? அந்தப் பங்கை அவர் தாராளமாக மன்னிக்கலாம். சத்தியத்தை நம்பி ஏமாந்தவரின் பங்கில் கைவைக்க மெர்க்குரிக்கே அதிகாரம் இல்லை.

சரி, மெர்க்குரி சிரித்தாரே? அது சம்மதம் இல்லையா?

இதற்கு அவருடைய மாட்டுத் திருட்டுக் கதையை முழுசாகப் பார்க்க வேண்டும். ஓவிட் பாதியைத்தான் ஞாபகப்படுத்துகிறார். மீதிக் கதை ஹெர்மிஸ் மேல் பாடப்பட்ட பழைய கிரேக்கத் துதிப்பாடலில் இருக்கிறது.

விடிகாலையில் பிறந்த குழந்தை ஹெர்மிஸ், மத்தியானத்துக்குள் ஓர் ஆமையைப் பிடித்து அதன் ஓட்டில் நரம்பு கட்டி யாழ் செய்துவிட்டான். சாயங்காலம் அண்ணன் அப்போலோவின் ஐம்பது மாடுகளைத் திருடினான். தடம் தெரியாமலிருக்க மாடுகளைப் பின்பக்கமாக நடத்திப்போனான். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளையாகத் தொட்டிலில் வந்து படுத்துக்கொண்டான். அப்போலோ வந்து மிரட்டினால், 'நேத்து பொறந்த புள்ள நான், எனக்கு மாடுன்னா என்னன்னே தெரியாதே' என்கிற பாணியில் பதில். அப்பா சீயஸ் முன்னாலும் அதே பல்லவி.

சீயஸ் வாய்விட்டுச் சிரித்தார். கவனியுங்கள், இங்கேயும் சிரிப்பு. ஆனால் சிரித்துவிட்டு அவர் என்ன செய்தார்? 'ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. மாடு எங்க இருக்குன்னு நீ காட்டு' என்று ஹெர்மிஸுக்கு உத்தரவு போட்டார். மன்னிக்கும் வேலையைத் தான் எடுத்துக்கொள்ளவில்லை. தேவர்களின் தலைவராக இருந்தும், பறிகொடுத்தவனிடமே திருப்பி அனுப்பினார்.

ஹெர்மிஸ் மாடுகளைக் காட்டினான். கோபமாக நின்ற அப்போலோவின் முன்னால் யாழை எடுத்து வாசித்தான். அப்போலோ சொக்கிப்போனார். இது ஐம்பது மாட்டுக்குச் சமம் என்று அவரே மதிப்புப் போட்டார். யாழ் அப்போலோவுக்கு, மாடு மேய்க்கும் உரிமை ஹெர்மிஸுக்கு என்று கணக்குத் தீர்ந்தது. அதற்கு மேலும் அப்போலோவுக்குச் சந்தேகம். 'நீ யாழையும் திருடுவே, என் வில்லையும் திருடுவே. சத்தியம் பண்ணு' என்றார். இனி உன் பொருளைத் தொடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அண்ணனும் தம்பியும் நண்பர்கள் ஆனார்கள்.

அதாவது, திருடர்களின் தெய்வமே திருட்டுக் கணக்கைத் தீர்த்தது பறிகொடுத்தவனிடம்தான். மாட்டைக் காட்டி, ஈடு கொடுத்து, இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லி. வியாபாரி தன் வசதிக்குக் கதையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மெர்க்குரி சிரித்தது, 'இவனுக்கு மீதிக் கதை தெரியலையே' என்றுகூட இருக்கலாம்!

அந்த மூன்றாவது ஆள், ஏமாந்தவர், பறிகொடுத்தவர், இவர் எந்த சாமியிடம் போனார்? இதற்குப் பதில் மண்ணுக்கடியில் இருந்து கிடைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் க்ளஸ்டர்ஷயர் மாவட்டத்தில் யூலி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு குன்றின் மேல் ரோமானியர் காலத்துக் கோயில் ஒன்றை 1977 முதல் 1979 வரை தோண்டிப் பார்த்தார்கள். யாருடைய கோயில்? சாட்சாத் மெர்க்குரியின் கோயில்தான். நூற்றுக்கும் மேற்பட்ட ஈயத் தகடுகள் கிடைத்தன. பல தகடுகளில் ஆணியால் கீறியதுபோல லத்தீன் எழுத்துகள். படித்துப் பார்த்தால், திருட்டுக் கொடுத்தவர்கள் மெர்க்குரிக்கு எழுதிய மனுக்கள்!

செனாகஸ் என்பவர் தன் வண்டிமாடோ குதிரையோ ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, அப்பன் மகன் இருவர் பெயரை எழுதி, அவர்கள் அதைத் திருப்பித் தரும்வரை உடம்புக்கு ஆரோக்கியமே இருக்கக் கூடாது என்று கேட்கிறார். சாட்டர்னைனா என்ற பெண்ணின் லினன் துணி காணாமல் போயிருக்கிறது. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திர மனிதரோ, துணியைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை நிம்மதி இருக்கக் கூடாது என்கிறாள். வசூலித்துக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு சாமிக்கு. முதலில் வேறு சாமியின் பெயரை எழுதி, அதன் மேலேயே மெர்க்குரி என்று மாற்றி எழுதியிருக்கிறாள். எந்த சாமியிடம் மனு கொடுப்பது என்று அவளுக்கும் குழப்பம் இருந்திருக்கிறது, பாவம்.

யூலியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பாத் நகரத்தின் வெந்நீர் ஊற்றிலும் இப்படி 130 தகடுகள் கிடைத்தன. அங்கே தெய்வம் சூலிஸ் மினர்வா. டாக்கிமீடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்திருக்கிறார். எடுத்தவனுக்குப் புத்தியும் போக வேண்டும், கண்ணும் போக வேண்டும் என்று கேட்கிறார். கையுறைக்குக் கண்ணா என்று நமக்குத் தோன்றும். ஆனால் பிரிட்டன் குளிரில் கையுறையைப் பறிகொடுத்த ஏழைக்கு நாம் நியாயம் சொல்ல முடியாது.

இந்தத் தகடுகளில் சிலவற்றில் ஓர் அருமையான உத்தி இருக்கிறது. பறிபோன பொருளையே சாமிக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து திருடன் வைத்திருப்பது என் பொருள் இல்லை, சாமியின் பொருள். இனி வசூல் செய்ய வேண்டியது சாமியின் பாடு. வராத கடனைப் பெரிய ஆள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறோம் இல்லையா, அதேதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரே மெர்க்குரி. ஓர் ஊரில் ஏமாற்றியவன் தண்ணீர் தெளித்துக்கொண்டு, 'கழுவிவிடு' என்கிறான். இன்னோர் ஊரில் ஏமாந்தவள் ஈயத் தகட்டில், 'விடாதே' என்று எழுதுகிறாள். இரண்டு மனுவும் ஒரே மேஜைக்கு வந்தால் அவர் என்ன செய்வார்? சாட்டர்னைனா தன் கடனை மெர்க்குரியின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். வசூலிக்கும் அதிகாரத்தை அவள் கொடுத்தாள். தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

ரோமானியர்களும் எல்லாவற்றையும் மெர்க்குரி தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. சந்தையைக் கண்காணிக்க ஈடைல்கள் என்ற அதிகாரிகள் இருந்தார்கள். அடிமையோ மாடோ விற்கிறவன் அதன் நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் போட்ட சட்டம். மறைத்து விற்றால் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். ஒரு வருடத்துக்குள் என்றால் விலைக் குறைப்புக் கேட்கலாம்.

கி.மு. 44-ல் சிசெரோ ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் பிள்ளைக்கு எழுதிய புத்தகத்தில் இதை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் யானை விலை. அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு நல்ல வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சொல்லிவிட்டு விற்பதா? சொல்லாமல் நல்ல விலைக்கு விற்பதா? பொய் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும்.

சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும் என்பது டயோஜனிஸ் என்ற தத்துவ ஞானியின் கட்சி. இல்லை, வாங்குகிறவனுக்குத் தெரியாத எதுவும் விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்பது அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரின் கட்சி. மாணவர் சொல்வதுதான் சரி, வியாபாரி சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதுகிறார் சிசெரோ. இந்தத் தீர்ப்புக்கு அவர் எந்த சாமியின் கட்டளையையும் எதிர்பார்க்கவில்லை. கடைக்கு முன்னால் பசியோடு நிற்கிற ரோட்ஸ்காரனைப் பார்த்தார். போதுமானதாக இருந்தது.

இத்தனை நியாயம் பேசிய ஊரிலும் ஒரு பக்கம் இருட்டு. கிரேக்கத்தில் டீலோஸ் என்று ஒரு குட்டித் தீவு. அப்போலோ பிறந்த இடம் என்று கொண்டாடிய புண்ணிய பூமி. கி.மு. 166-ல் ரோம் அதை வரியில்லாத துறைமுகம் ஆக்கியது. ஒரே நாளில் பத்தாயிரக்கணக்கான அடிமைகளை இறக்கி, விற்று, ஏற்றி அனுப்பும் அளவுக்கு அங்கே வசதி இருந்ததாக ஸ்டிராபோ எழுதுகிறார். இத்தாலிய வியாபாரிகள் அங்கே மெர்க்குரியின் பெயரால் சங்கம் வைத்து, ஒழுங்காகக் காணிக்கை செலுத்தி, கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சந்தையில் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் கணக்கு நேர். சாமிக்கும் பாக்கி இல்லை. மேலே சொன்ன ஈடைல் சட்டப்படி, குறையை மறைத்து விற்றால் அடிமையை வாங்கியவனுக்கு நஷ்ட ஈடு உண்டு. விற்கப்பட்டவனுக்கு? அவன் பெயரில் ஒரு பக்கமே திறக்கவில்லை. எந்தப் பேரேட்டிலும் இல்லாதவனுக்கு யாரும் எதுவும் பாக்கி இல்லை! நேர்மையான கணக்குப்பிள்ளைகள் நிறைந்த ஊரில் நடக்கக்கூடிய ஆகப்பெரிய அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன். பொய்க் கணக்கை என்றைக்காவது ஆடிட்டர் கண்டுபிடிப்பார். எழுதவே எழுதாத கணக்கை யார் கண்டுபிடிப்பது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 'நீங்கள் சொல்வதெல்லாம் சரி சார். ஆனால் ஏமாந்தவர் யாரென்றே தெரியாவிட்டால்? அவர் செத்துப்போயிருந்தால்? முப்பது வருடம் கடை நடத்தியவன் ஆயிரம் பேருக்கு எடை குறைத்திருப்பான், ஒவ்வொருவராகத் தேடிப் போக முடியுமா? அவன் சாமியிடம் போகாமல் வேறு எங்கே போவான்?'

உண்மைதான். திருந்த நினைக்கிற மனிதனுக்குக் கதவே இல்லை என்று சொல்வது கொடுமை. சாமியிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்காகப் போகிறோம் என்பதில்தான் வித்தியாசம். உரியவர் வந்து கேட்காத பாக்கியை மறுநாளே எடுத்து லாபத்தில் சேர்த்துவிடக் கூடாது. கொடுக்க வேண்டியது என்ற பக்கத்தில்தான் அது நிற்க வேண்டும். உரியவர் வராத கடன் கடனாகவே இருக்கும். அந்தக் கடனோடு வாழத் தைரியம் கொடு, இன்னொரு பாக்கி சேராமல் பார்த்துக்கொள்ளப் புத்தி கொடு, முடிந்தவரை அவரைப்போன்ற இன்னொருவருக்காவது திருப்பிச் செய்ய வழி காட்டு என்று கேட்கலாம். அது பேரமே ஆனாலும் கௌரவமான பேரம். 'பக்கத்தையே கிழித்துவிடு' என்று கேட்பது வேறு.

அந்த ஊற்றங்கரை வியாபாரியையும் முழுசாகக் கெட்டவன் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை என்று அவன் நிஜமாகவே நம்பியிருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏன் அங்கே போகிறான்? உள்ளே எங்கேயோ உறுத்துகிறது. எவ்வளவு தர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், யாருக்குத் தர வேண்டும் என்பதும் தெரியும். கொடுக்காமல் தப்பிக்க ஒரு வழி கிடைக்குமா என்றுதான் தண்ணீர் மொள்கிறான்.

சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள். வேண்டுதல் வையுங்கள். வைத்ததை ஒழுங்காகச் செலுத்துங்கள். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு, நடுவில் நான் யார்? கற்பூரம் மலையேறும்போது, 'இந்தக் கணக்கில் மூன்றாவது ஆள் யாராவது இருக்கிறாரா?' என்று மட்டும் ஒரு தரம் யோசித்துவிடுங்கள். இருந்தால், கோயிலிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்.

சீயஸ் தன் பிள்ளைக்குச் சொன்னதும் அதுதான்.